30 பேர் வந்தாலும் முறையாக முடிக்கலாம்: முதல் ஆர்ப்பாட்டம் நடத்துகிறவர்களுக்கு

நோட்டீசில் 14 பேச்சாளர்கள். எதிரே 100 நாற்காலி. உட்கார்ந்திருப்பவர்கள் 22 பேர். அதில் 9 பேர் பேச்சாளர்கள். பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, மைக் செட்காரர் கைபேசி பார்த்துக்கொண்டிருக்கிறார். தமிழ்நாட்டில் சிறிய அமைப்புகளும் ஊர்க் குழுக்களும் நடத்தும் முதல் ஆர்ப்பாட்டம் பல நேரம் இந்தக் கோலத்தில்தான் முடிகிறது. ஆள் குறைந்ததைவிட, 300 பேருக்குப் போட்ட திட்டத்தில் 22 பேர் போய் நிற்பதுதான் பார்க்கிறவருக்கு உறுத்துகிறது. 30 பேருக்கென்றே திட்டமிட்டால் அதே 22 பேரை வைத்துக் காரியத்தை முடிக்கலாம். அதற்கான வழிமுறை இது. உதாரணத்துக்கு, ஊர் அரசுப் பள்ளியை மூடுவதை எதிர்த்து மாவட்ட ஆட்சியர் அலுவலகம் முன் நிற்கப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

1. முதலில் வடிவம்

ஆர்ப்பாட்டம், பேரணி, தர்ணா, உண்ணாவிரதம், மறியல், முற்றுகை, மனிதச் சங்கிலி எல்லாம் வெவ்வேறு. விண்ணப்பத்தில் எதை எழுதுகிறீர்களோ அதற்குத்தான் அனுமதி. 30 பேரை வைத்துப் பேரணி போகாதீர்கள். சாலையில் நடந்தால் இரண்டு பேருந்துகளுக்கு நடுவே காணாமல் போவீர்கள். மறியல், முற்றுகை என்று எழுதினால் அனுமதி கிடைக்காது. அறிவித்துவிட்டு நடத்தினால் கைது நிச்சயம்.

குறைந்த ஆட்களுக்கு இரண்டு வடிவங்கள் பொருந்தும். ஒன்று, ஒரு மணி நேர ஆர்ப்பாட்டமும் அதைத் தொடர்ந்து மனு அளிப்பும். மற்றொன்று மனிதச் சங்கிலி: 25 பேர் கையை நீட்டிக் கோத்து நின்றால் நடைபாதையில் கிட்டத்தட்ட 40 மீட்டர் பிடிக்கும். அதே 25 பேர் குவியலாக நின்றால் ஒரு டீக்கடைக் கூட்டம் அளவுதான். எதுவென்று தெரியவில்லையா? விண்ணப்பத்தில் "ஆர்ப்பாட்டம் மற்றும் மனிதச் சங்கிலி" என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். அன்றைக்கு வந்த ஆட்களைப் பார்த்து அங்கேயே வடிவத்தை மாற்றுவது நிபந்தனை மீறல் ஆகிவிடும்.

2. நாளும் இடமும்

காலண்டரில் முகூர்த்த நாளைப் பாருங்கள். சுப முகூர்த்தம் என்றால் பாதிப் பேர் ஏதாவது ஒரு மண்டபத்தில் இருப்பார்கள், வேனும் கிடைக்காது. உள்ளூர்ச் சந்தை நாள், பொதுத்தேர்வு, அமைச்சர் வருகை ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். அமைச்சர் வரும் நாளில் காவலர்கள் அந்தப் பாதுகாப்புக்குப் போய்விடுவார்கள். உங்களுக்கு அனுமதி மறுக்க அதுவே காரணமாகிவிடும். தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும் வாரங்களில் இந்த வழிகாட்டியில் உள்ள கால அளவுகள் பொருந்தாது, தேர்தல் அலுவலர் வழியாகவும் போக வேண்டியிருக்கும்.

ஆட்சியர் அலுவலகம் என்றால் திங்கட்கிழமை நல்லது. அன்று மக்கள் குறைதீர்ப்பு நாள் கூட்டம். அதிகாரிகள் இருப்பார்கள், செய்தியாளர்களும் சுற்றிக்கொண்டிருப்பார்கள், மனுவுக்கு அங்கேயே பதிவு எண் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: அன்று வாசலில் பை, பாட்டில் எல்லாவற்றையும் சோதிப்பார்கள். யாராவது தீக்குளிக்க முயல்வார்களோ என்ற அச்சம்தான் காரணம். ஜெனரேட்டருக்கு வாங்கிய பெட்ரோல் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு ஒருவர் வாசலுக்குப் போனால் அன்றைய ஆர்ப்பாட்டம் அதோடு முடிந்தது.

இடத்தை எழுதும்போது "ஆட்சியர் அலுவலகம் எதிரில்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். காவல்துறை வழக்கமாக ஒதுக்கும் இடம் எது என்று நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, விண்ணப்பம் எழுதும் முன்பே போய்ப் பாருங்கள். பின்னால் சுவர், பக்கத்தில் மரம் உள்ள ஒரு மூலை கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். திறந்த மைதானத்தின் நடுவில் 30 பேர் 10 பேராகத் தெரிவார்கள்.

3. விண்ணப்பமும் ஆவணங்களும்

எல்லோரும் அதிகம் சறுக்குவது இங்கேதான். சென்னையில் சென்னை மாநகரக் காவல் சட்டம், 1888இன் பிரிவு 41படி குறைந்தது 5 நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும். மாவட்டங்களில் காவல் சட்டம், 1861இன் பிரிவு 30(2), அதாவது கூட்டம், ஊர்வலத்துக்கு முன் அனுமதி கேட்கும் பிரிவு, அமலில் இருப்பதாகச் சொல்வார்கள். எங்கே என்றாலும் 10 நாள் முன்பே கொடுங்கள். மறுத்தால் உயர் நீதிமன்றம் போக அந்த இடைவெளி வேண்டும்.

மாநகரக் காவல் ஆணையரகம் உள்ள ஊர்களில் ஆணையருக்கும், மற்ற இடங்களில் உட்கோட்டத் துணைக் கண்காணிப்பாளருக்கும் முகவரியிட்டு, அந்த எல்லைக்குரிய காவல் நிலைய ஆய்வாளர் வழியாகக் கொடுப்பது வழக்கம். எந்த நிலையத்தின் எல்லை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். சாலையின் இந்தப் பக்கம் ஒரு நிலையம், அந்தப் பக்கம் வேறொன்று என்றிருக்கும். தவறான நிலையத்தில் கொடுத்தால் மூன்று நாள் போய்விடும்.

வெள்ளைத்தாளில் ஒரே பக்கம் போதும். அமைப்பின் பெயர், பொறுப்பாளரின் பெயர், முகவரி, கைபேசி எண், நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், கோரிக்கை ஒரே வரியில், எதிர்பார்க்கும் எண்ணிக்கை, ஒலிபெருக்கி விவரம், பேசுவோர் பட்டியல், வரும் வாகனங்கள். பொறுப்பாளரின் ஆதார் நகலை இணைத்துவிடுங்கள், பெரும்பாலும் கேட்பார்கள். எங்கேனும் கட்டணம் கேட்டால் ரசீது கேளுங்கள்.

எண்ணிக்கையில் பொய் வேண்டாம். "500 பேர்" என்று எழுதினால் கெத்தாக இருக்கும் என்று நினைப்பார்கள். விளைவு தலைகீழ். போக்குவரத்துப் பாதிக்கும் என்று அந்த எண்ணையே காரணமாகக் காட்டி மறுக்கலாம். அனுமதி கிடைத்தாலும், வரிசையாகத் தடுப்புகள், மூன்று வேன் காவலர்கள், நடுவில் நீங்கள் 22 பேர். அன்றைய புகைப்படத்தில் காக்கிதான் அதிகம் இருக்கும். "40 பேர் வரை" என்று எழுதுங்கள். நுண்ணறிவுப் பிரிவுக் காவலர் மஃப்டியில் வந்து "எத்தனை பேர் சார் வருவாங்க?" என்று பேச்சுவாக்கில் கேட்பார். அவரிடமும் அதே எண்ணைத்தான் சொல்ல வேண்டும், உங்கள் ஆட்கள் எல்லோரும்.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். உங்கள் பிரதியில் நிலைய முத்திரை, கையெழுத்து, தேதி மூன்றும் வேண்டும். "வச்சிட்டுப் போங்க, பார்த்துச் சொல்றோம்" என்றால் வைத்துவிட்டு வரலாம், ஆனால் அன்றே இன்னொரு பிரதியை ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இந்த ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் நீதிமன்றத்தில் எதையும் நிரூபிக்க முடியாது. மறுப்பதானாலும் காரணத்தோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அனுமதிக் கடிதம் பல நேரம் முந்தின நாள் இரவில்தான் கைக்கு வரும். பதறவேண்டாம், ஆனால் பின்பக்கத்தில் உள்ள நிபந்தனைகளைப் படித்தே ஆக வேண்டும். உருவபொம்மை எரிக்கக் கூடாது, கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, போக்குவரத்துக்கு இடையூறு கூடாது என்பவை வழக்கமாக இருக்கும். முடியும் நேரத்தைச் சிவப்பு மையில் கோடிட்டு, பேச்சாளர்களை நிர்வகிப்பவரிடம் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.

கையெழுத்துப் போடுகிறவர் யார் என்பதைச் சும்மா முடிவு செய்யக் கூடாது. வழக்கு என்று வந்தால் அவர்தான் முதல் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதல் பெயர். வெளிநாட்டு வேலைக்குக் காத்திருப்பவர், காவல்துறைச் சரிபார்ப்பு நிலுவையில் உள்ள இளைஞர் இவர்களைக் கையெழுத்துப் போட வைக்காதீர்கள். அரசு ஊழியர்களுக்கு 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் உண்டு. அரசியல் ஆர்ப்பாட்டத்தில் அவர்கள் முன்வரிசையில் நிற்பது அவர்கள் வேலைக்கே உலை வைக்கும்.

4. எத்தனை பேர் உண்மையில் வருவார்கள்

வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் போட்டவர்களை எண்ணாதீர்கள். "எத்தனை மணிக்கு? எந்த பஸ்?" என்று திருப்பிக் கேட்டவர்களை எண்ணுங்கள், அவர்கள்தான் வருவார்கள். முந்தின நாள் மாலை ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசி, மூன்று பட்டியல் போடுங்கள்: உறுதி, சந்தேகம், வரவில்லை. "சந்தேகம்" முழுவதையும் அடித்துவிட்டு, "உறுதி"யில் பாதிக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டால் கணக்கு ஏறக்குறைய சரியாக இருக்கும்.

தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு வேலை நாளில் வருவது ஒரு நாள் சம்பளம் போகிற விஷயம். அவர்களிடம் "ரெண்டு மணி நேரம்தான்" என்று சொல்லி மதியம் வரை பிடித்து வைத்தால் அடுத்த முறை வரமாட்டார்கள். முடியும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லி அழையுங்கள், சொன்ன நேரத்துக்கு விடுங்கள்.

5. செலவு எங்கே போகிறது

பெரிய செலவு மைக் செட். அரை நாள் வாடகை என்றுதான் பேசுவார்கள். ஒரு மணி நேரம்தான் என்றாலும் வாடகை குறையாது. 30 பேருக்கு இரண்டு பாக்ஸ் ஸ்பீக்கர், ஒரு மைக், அது போதும். மின்சாரம் எங்கிருந்து என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். "கம்பத்துல கொக்கி போட்டுக்கலாம் தம்பி" என்று மைக் செட்காரர் சர்வசாதாரணமாகச் சொல்வார். அது மின்சாரச் சட்டம், 2003இன் பிரிவு 135படி திருட்டு. கோரிக்கையை விட்டுவிட்டு எல்லோரும் அதைத்தான் பேசுவார்கள். பேட்டரியில் ஓடும் செட் கேளுங்கள், அல்லது பக்கத்துக் கடையில் காசு கொடுத்து மின்சாரம் எடுங்கள்.

ஷாமியானாவும் நாற்காலியும் வேண்டாம். செலவு ஒருபுறம், காலி நாற்காலிதான் மறுநாள் படமாகும். முதியவர்களுக்கு மட்டும் ஐந்தாறு நாற்காலி, ஓரமாக. 8க்கு 4 அடியில் ஒரு பேனர், துணியாக இருந்தால் நல்லது. கையில் பிடிக்க வேண்டும், சாலையோரத்தில் கட்ட வேண்டாம். அனுமதியில்லாத ஃப்ளெக்ஸுக்குத் தனி வழக்கு வரும். தண்ணீருக்கு 20 லிட்டர் கேன் இரண்டும் எவர்சில்வர் டம்ளரும் போதும். தண்ணீர் பாக்கெட்டுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது.

பணத்தை முன்கூட்டியே வசூலித்து, ஒரே ஆள் கையில், ஒரே நோட்டில் எழுதுங்கள். ஆள் வராத நாளில் கணக்குக் கேள்விகள் கூடுதலாக வரும்.

6. மணி 10.30, வந்திருப்பவர்கள் 12 பேர்

அரை மணி நேரம் காத்திருங்கள், அதற்கு மேல் வேண்டாம். அனுமதி 12 மணி வரை என்றால் 11 மணிக்குத் தொடங்கியே ஆக வேண்டும். வந்துகொண்டிருப்பதாகச் சொன்ன வேன் வரும்போது வரட்டும்.

பேனரை முன்வரிசை இடுப்பு உயரத்தில் பிடிக்கட்டும். 25 பேர் என்றால் முன்னால் 10, அடுத்து 8, பின்னால் 7. பின்னால் நிற்பவர் முன்னிருப்பவர் இருவரின் இடைவெளியில் தெரிய வேண்டும். வரிசைகளுக்கு நடுவே ஒரு கை தூரம். உயரமானவர்கள் பின்னால், கோரிக்கை அட்டை பிடிப்பவர்கள் இரு ஓரங்களிலும். படம் எடுப்பவர் நெஞ்சு உயரத்தில், சற்றுப் பக்கவாட்டில் நின்று எடுக்க வேண்டும். மொட்டை மாடியிலிருந்து எடுத்தால் கூட்டத்தைவிடத் தார்ச்சாலைதான் அதிகம் தெரியும்.

பேச்சாளர் பட்டியலை அங்கேயே வெட்டுங்கள். தலைமை, கோரிக்கை விளக்கவுரை, பாதிக்கப்பட்ட ஒருவர், நன்றியுரை. நாலு பேர், ஆளுக்கு 5 நிமிடம். முன்னிலை, வாழ்த்துரை எல்லாம் நோட்டீசோடு போகட்டும். பெயரை வாசித்துவிட்டால் மனக்குறை பாதி தீரும். மைக் ஒலியைக் குறைத்து வையுங்கள். காலி இடத்தில் எதிரொலிக்கும் சத்தம் ஆள் இல்லாததைத்தான் ஊருக்குச் சொல்லும்.

இனி, செய்யவே கூடாதவை இரண்டு. முதலாவது, மைக்கில் வராதவர்களைத் திட்டுவது. "இந்த ஊர் மக்களுக்குச் சொரணை இல்லை" என்று முழங்குவதை வேலையை விட்டு வந்த அந்த 22 பேர்தான் நின்று கேட்டாக வேண்டும். வராதவர் காதில் அது விழாது. விழுந்தால் அடுத்த முறையும் வரமாட்டார். இரண்டாவது இன்னும் மோசம். கூட்டம் குறைந்த எரிச்சலில் யாராவது ஒருவர் "ரோட்ல உக்காந்தாத்தான் திரும்பிப் பார்ப்பாங்க" என்பார். அதைக் கேட்டு உட்கார்ந்தால், அனுமதி பெற்ற ஆர்ப்பாட்டம் ஐந்தே நிமிடத்தில் சட்டவிரோதக் கூட்டமாகிவிடும். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 189(2) (சட்டவிரோதக் கூட்டம்), 126(2) (வழிமறிப்பு), 223 (அரசு ஊழியரின் உத்தரவை மீறுதல்) என்று பிரிவுகள் வரிசையாக வரும், கையெழுத்துப் போட்டவர் பெயரில். அப்படிச் சொல்லக்கூடிய ஆள் யார் என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். காலையிலேயே அவரிடம் பேனரின் ஒரு முனையைக் கொடுத்துவிடுங்கள்.

7. கோஷம்

குறைந்த ஆட்களுக்கு நீளக் கோஷம் எதிரி. "ஏழை எளிய மாணவர்களின் கல்வி உரிமையைப் பறிக்கும் நடவடிக்கையை உடனடியாகக் கைவிடு" என்று ஒருவர் சொல்லி மற்றவர்கள் திருப்பிச் சொன்னால், நாலாவது சொல்லுக்குள் குரல்கள் பிரிந்து முணுமுணுப்பாகிவிடும். "மூடாதே மூடாதே" என்று ஒருவர் எடுக்க, எல்லோரும் "மூடாதே மூடாதே". "அரசுப் பள்ளியை" என்று அவர் நீட்ட, எல்லோரும் "மூடாதே மூடாதே". பதில் எப்போதும் அதே இரண்டு சொல். 20 பேர் சொன்னாலும் ஒரே அடியில் விழும். இப்படி ஏழெட்டு எழுதி, இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவரே கத்தினால் கால் மணி நேரத்தில் தொண்டை போய்விடும். தாளில் இல்லாததை உணர்ச்சிவசப்பட்டு யாரும் சேர்க்கக் கூடாது. பேச்சும் கோஷமும் முழுக்க வீடியோ எடுக்கப்படுகிறது.

8. கைது என்றால்

அனுமதி மறுக்கப்பட்டும் நடத்தினால், வேனில் ஏற்றி ஏதாவது கல்யாண மண்டபத்திலோ சமுதாயக் கூடத்திலோ வைத்து மாலையில் விடுவது வழக்கம். ஏறும்போது தலையை எண்ணிக்கொள்ளுங்கள், இறங்கும்போதும். பெயர், தந்தை பெயர், முகவரியைச் சரியாகக் கொடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை பையில் இருக்கட்டும். வழக்கறிஞர் எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்திருங்கள், கைபேசியில் சார்ஜ் இருக்காது. விதிவிலக்கான சூழல் தவிர, சூரியன் மறைந்த பிறகு பெண்களைக் கைது செய்யக் கூடாது. கைதான எவரையும் 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். பல வாரம் கழித்து பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 35(3)இன் கீழ் அழைப்பாணை வீட்டுக்கு வந்தால் அலட்சியம் செய்யாமல் வழக்கறிஞரோடு போங்கள்.

9. மனு

22 பேர் நின்ற நாளிலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போகக்கூடிய உருப்படியான பொருள் மனுவின் ஒப்புகைதான். ஒரு பக்கம், ஒரு கோரிக்கை. பதவிக்கு முகவரியிடுங்கள், ஆள் பெயருக்கு வேண்டாம். மாற்றலாகிப் போனால் மனுவும் அனாதையாகிவிடும். பின்னால் கையெழுத்துத் தாள்: பெயர், ஊர், கையெழுத்து. நேரில் வர முடியாதவர்களின் கையெழுத்தை ஒரு வாரம் முன்பே வாங்கிவிடலாம். வாசலில் 22 பேர் நின்றாலும் தாளில் 300 கையெழுத்து இருக்கும், அது நியாயமான எண்ணிக்கை.

உள்ளே நாலைந்து பேரைத்தான் விடுவார்கள். யார் போவது என்று வாசலில் சண்டை போடாமல் முன்பே முடிவு செய்யுங்கள். பாதிக்கப்பட்டவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஆட்சியர் இல்லையென்றால் தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். வெறுங்கையோடு திரும்பக் கூடாது.

10. செய்தி

செய்திக் குறிப்பை முந்தின இரவே எழுதி, எண்ணிக்கைக்கு மட்டும் இடம் விட்டு வையுங்கள். மதியம் 12.30க்குள் இரண்டு படத்தோடு உள்ளூர்ச் செய்தியாளர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். பெயர், பொறுப்பு எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கட்டும். எண்ணிக்கையை உள்ளபடி எழுதுங்கள். "ஆயிரக்கணக்கானோர்" என்று அனுப்பினால், அங்கே நின்று பார்த்த செய்தியாளர் சிரித்துக்கொண்டே ஒதுக்கிவிடுவார், அடுத்த குறிப்பையும் சேர்த்து. "பெற்றோர்கள் 22 பேர், 300 பேரின் கையெழுத்துடன்" என்பது அவருக்கு நம்பக்கூடிய செய்தி.

11. அதற்குப் பிறகு

அன்று மாலையே வந்த 22 பேருக்கும் தனித்தனியாகத் தொலைபேசியில் நன்றி சொல்லுங்கள். மனுவின் பதிவு எண்ணையும் சொல்லுங்கள். வராதவர்களிடம் ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள், என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள். கணக்கு நோட்டைப் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள்.

30 நாள் பொறுத்துப் பாருங்கள். பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் ஒரு விண்ணப்பம்: இன்ன தேதியில், இன்ன எண்ணில் கொடுத்த மனு இப்போது எந்த அலுவலரிடம் உள்ளது, அதன் மீது எடுத்த நடவடிக்கையின் நகல் வேண்டும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். அவரும் 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலின் நகல் கையில் வந்த பிறகு அடுத்த ஆர்ப்பாட்டத்துக்கு நாள் குறியுங்கள், முகூர்த்தம் இல்லாத திங்கட்கிழமையாகப் பார்த்து.